அக்கரைக்குப் போகும் மோட்டார்

சைமி வினிகர் பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே போனதைப் பார்த்த கடைக்காரர் பென்தி, கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"ஜூன் மாசத்துல என்னத்த ஊறப் போடுற சைமி? வெள்ளரி இன்னும் பூவே விடலையே."

"மோட்டாரை."

"எதை?"

"அப்பாவோட படகு மோட்டாரு. டேங்க் உள்ள முழுக்கத் துரு."

"அது இன்னுமா இருக்கு! நான் பள்ளிக்கூடம் போறப்பவே அது கிழடு." பென்தி அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். "அப்ப விஷயம் நெசந்தான். ரெய்னோ நடுக்கோடைக்கு அக்கரைக்குப் போறான்."

"உனக்கு ஊருல நடக்குறது எல்லாம் தெரியுது. கல்லாவுல ஆள் நிக்கிறது மட்டும் தெரியல."

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பால் பாக்கெட்டுகளைப் பார்த்தார்கள்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான் அது. சைமியின் தம்பி ரெய்னோ, ஐம்பத்தெட்டு வயதுவரை எந்தப் பெண்ணிடமும் மழை, பனி தவிர வேறெதுவும் பேசாதவன், கடை வாசலில் நடமாடும் நூலக வண்டி வந்து நின்ற ஒரு நாள், அக்கரைக் கெர்த்துவைப் பார்த்து, நடுக்கோடை விழாவுக்கு முந்தின நாள் ஏரித் தீவின் ஆட்ட மேடையில் ஆட வருகிறாயா என்று கேட்டுவிட்டான். கெர்த்து கணவனை இழந்தவள். ஆடு வளர்க்கிறாள். சுற்றி வளைத்துப் பேச வராது அவளுக்கு.

"வரேன். ஆறு மணிக்கு என் படகுத்துறைக்கு வந்து கூட்டிட்டுப் போ. நீ வரலைன்னா என் பையன் கார்ல பட்டணத்துக்குப் போயிடுவேன். அவனும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

அவ்வளவுதான் பேச்சு. ரெய்னோ இரவல் வாங்கிய புத்தகத்தை வண்டியிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மர ஆலையில் தோள்பட்டை நசுங்கியதிலிருந்து அவனால் துடுப்பு வலிக்க முடியாது. கார் ஓட்ட அவன் கற்றுக்கொண்டதே இல்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு படகும் அன்றைக்கு அதனதன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும், இரவல் கிடைக்காது. "ஏரியைச் சுத்தி, பாலம் வழியா நான் வேன்ல கொண்டு விடுறேன்" என்று சைமி சொன்னபோது அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா வண்டியோட்ட, நான் பின்சீட்டுல பூங்கொத்து வச்சிக்கிட்டு உக்காந்து போகணுமா? அதுக்குப் போகாமலே இருந்துடலாம்."

"முன்சீட்டுலயே உக்காரலாம்டா."

அவன் சிரிக்கவில்லை. போகாமலே இருந்துவிடக்கூடியவன்தான். அது சைமிக்குத் தெரியும். அதனால் மறுநாள் காலையில் ஏணியைச் சாத்தி, கொட்டகையின் உத்தரத்தில் தொங்கிய மோட்டாரை அவளே இறக்கினாள்.

அந்தக் காலத்து மோட்டாருக்கு டேங்க் தனியாக இருக்காது. தலைமேலேயே தகரத் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். கடைசியாக ஓட்டியவர்கள் யாரோ பெட்ரோலை வடிக்காமலே தொங்கவிட்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியது. தூக்கி ஆட்டினால் உள்ளே மணல் உருளும் சத்தம். மணல் அல்ல, துரு. அப்படியே பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் அந்தப் பொடி இறங்கி கார்புரேட்டரின் ஊசித்துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடு ஏரியில் மோட்டார் நின்றுபோகும். துடுப்பு வலிக்க முடியாதவன் அதற்குப் பிறகு காற்று தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான்.

சைமிக்கு இஞ்சின் புதிதல்ல. இருபத்திரண்டு வயதில் பால் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவள், ஓய்வு பெறும்வரை விடவில்லை. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, கூட்டுறவுப் பாலாலையில் கொண்டுபோய் இறக்குவாள். பொழுது விடியாத குளிர்கால மாதங்களில், வழியில் லாரி நின்றுபோனால் இறங்கிச் சரிசெய்ய அவளைத் தவிர அந்தக் காட்டு ரோட்டில் ஆள் கிடையாது. "பால்கார சைமி" என்று இன்றைக்கும் சொன்னால்தான் ஊரில் பலருக்கு அடையாளம் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலாலைக் குமாஸ்தா ஒருவன் கேட்டான். தெற்கே மாற்றலாகிப் போகிறேன், நீயும் வா என்றான். அப்போது அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரெய்னோவுக்குப் பதினேழு வயது. அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார். குமாஸ்தா தனியாகப் போனான். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, வீட்டில் யாரும் கேட்டதுமில்லை.

டேங்கைக் கழற்றி, பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் தக்கை அடைத்தாள். உள்ளே ஒரு துண்டு மெல்லிய சங்கிலியைப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு குலுக்கினாள். பெரிய பெரிய செதில்களாக வந்தது. குலுக்கி ஊற்றி, குலுக்கி ஊற்றி, தண்ணீர் காபி நிறத்திலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்ததும் சங்கிலியை எடுத்துவிட்டு வினிகரை நிரப்பி, கொட்டகை நிழலில் வைத்தாள். ரெய்னோ தினமும் வேலையெதுவும் இல்லாமல் அந்தப் பக்கமாக நடந்துபோய், மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வந்தான்.

"என்னடா, பதமா இருக்கா?"

"வெங்காயம் போட்டா ஹெர்ரிங் மீன் ஊறப் போட்டுடலாம்."

அந்த வாரம் அவன் இரண்டு தடவை முடி வெட்டிக்கொண்டான். இரண்டாவது தடவை வெட்ட ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை காலையில் வினிகரைக் கொட்டிப் பார்த்தபோது டேங்கின் உட்புறம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிப் புளிப்பை முறித்தாள். இனிமேல்தான் அவசரம். துரு எடுத்த இரும்பு பிறந்த குழந்தை மாதிரி. ஈரத்தோடு விட்டால் நிமிஷத்தில் மறுபடி சிவந்துவிடும். உடனே ஸ்பிரிட் ஊற்றி அலசி ஈரத்தை எடுத்து, காற்றில் ஆறவிட்டு, பிறகு முழுக்க உலரும்வரை சூடான இடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பூச்சு. இரண்டு டப்பாவில் வருவதைக் கலந்து உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கமும் ஓடும்படி டேங்கை உருட்டினால் கண்ணாடி மாதிரி ஒரு தோல் படிந்து இறுகிவிடும். ஈரம் இருந்தால் ஒட்டாது.

சூடான, உலர்ந்த இடம் என்றால் அந்த வீட்டில் சவுனாதான்: சனிக்கிழமைதோறும் கற்களைக் காய்ச்சி, தண்ணீர் வீசி, எழும் ஆவியில் குளிக்கும் மர அறை. வலை, வெங்காயம், நனைந்த பூட்ஸ் எல்லாம் காலங்காலமாக அங்கேதான் உலர்ந்திருக்கின்றன. விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டிக் கற்களைச் சூடாக்கியிருந்தாள். நெருப்பு முழுக்க அணைந்து, சூடு மட்டும் கல்லில் நின்றபிறகு, டேங்கைக் கொண்டுபோய் மேல்பலகையில் வாயைத் திறந்து படுக்கவைத்தாள்.

"இன்னிக்குச் சவுனா கிடையாது. ஏரியில குளிச்சிக்கோ."

"சனிக்கிழமையா?" ரெய்னோ, யாரோ ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்துவிட்டதுபோலப் பார்த்தான்.

"உனக்காகத்தான்டா."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். தண்ணீரில் இறங்கியதும் குளிர் தாங்காமல் கத்தியது வீடுவரை கேட்டது.

சாயங்காலம் கரை நெடுக ஒவ்வொரு சவுனாவிலிருந்தும் புகை நேராக எழும்பியது. பூச்சு டப்பாக்களை எடுத்துக்கொண்டு சைமி டேங்க் உலர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். உள்ளே இன்னும் இதமான சூடு. விரலை விட்டுப் பார்த்தாள். சுள்ளி மாதிரி உலர்ந்திருந்தது. நாள் முழுக்க நின்ற கால். கீழ்ப்பலகையில் சற்று உட்கார்ந்தாள். சின்ன ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. அக்கரையில், மரங்களுக்கு நடுவே, கெர்த்துவின் வீட்டுப் புகையும் தெரிந்தது. உடம்பு தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் வாளி. வாளியில் கரண்டி. அவளுடைய கை அதை எடுத்தது, தண்ணீரை மொண்டது, கற்களின்மேல் வீசியது. அறுபத்தாறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வீசிய வீச்சு.

கற்கள் சீறின. ஆவி கூரையில் மோதி, அலையாக இறங்கி, தோளில் படர்ந்தது. ஆகா என்று மூச்சை விட்ட பிறகுதான் சைமி கண்ணைத் திறந்தாள்.

"ஐயோ!"

டேங்கைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். டேங்கின் மேலெல்லாம் வியர்த்திருந்தது. உள்ளேயும்தான். துணியைக் குச்சியில் சுற்றி விட்டுத் துடைத்தாள். எட்டாத மூலைகள்தான் அதிகம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறத்தின்மேல் மெல்லிய மஞ்சள் ஓடியது, மஞ்சள் ஆரஞ்சானது.

ரெய்னோ படகுத்துறையிலிருந்து ஏறி வந்தான். டேங்கைப் பார்த்தான். திறந்த கதவு வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஆவியைப் பார்த்தான்.

"தண்ணி ஊத்தினியா?"

"கை ஊத்திடுச்சு."

அவன் புல்லில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் காலிலிருந்த கொசுவைக்கூட அடிக்கவில்லை.

"நான் போறது உனக்குப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே சைமி."

"என்ன பேசுற நீ?"

"நீ அந்தக் குமாஸ்தாவோட போகாம இங்கயே இருந்தது எனக்காகன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுக்குப் பதிலுக்கு நான் போகக்கூடாதுன்னு நீ நெனச்சா, அது நியாயந்தான். போகல. விட்டுடு."

சைமிக்கு முதலில் கோபம் வந்தது. டேங்கைப் புல்லில் வைத்துவிட்டு அவன் எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உனக்காகவா? நான் அவனோட போகாததுக்குக் காரணம், அவன் சூப் குடிக்கிற சத்தம். தெருமுனை வரைக்கும் கேக்கும். ஆயுசு பூரா எவ அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா?"

ரெய்னோ அண்ணாந்து பார்த்தான். "நெசமாவா?"

"பாதி நெசம்." அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "எனக்கு லாரி பிடிச்சிருந்தது. அவன் ஊர்ல எனக்கு யாரு லாரி தருவா? நீ ஒரு சாக்கு. நல்ல சாக்கு. அதை நீ இவ்வளவு நாளாத் தூக்கிச் சுமந்துட்டிருந்தியா?"

அவன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டான்.

"வேணும்னு ஊத்தல ரெய்னோ. சத்தியமா. ஆனா ஊத்துறப்ப என்ன நெனச்சிட்டிருந்தேன்னு கேட்டா, அதையும் சொல்லிடுறேன். நீ அக்கரையிலயே தங்கிட்டா, காலையில ஒரு ஆளுக்கு மட்டும் காபி எப்படிப் போடுறதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நம்ம பாத்திரம் பெருசு. கொஞ்சமாப் போட்டா கசக்கும்."

ஏரியில் எங்கோ ஒரு நீர்க்கோழி கூப்பிட்டது. பக்கத்து வீட்டுச் சவுனாவிலிருந்து யாரோ ஓடிவந்து தண்ணீரில் குதிக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"ஆட்டத்துக்குத்தான் கூப்பிட்டேன்" என்றான் ரெய்னோ. "நீ அதுக்குள்ள என்னைக் குடிவச்சிட்ட."

"அவ ஆடு வச்சிருக்கா. உனக்கு ஆடு பிடிக்கும்."

"ஆடு பிடிக்கும்தான்." எழுந்து சட்டைக் கையை மடித்தான். "சங்கிலி எங்க?"

மிச்சமிருந்த வினிகரில் இருவருமாக மறுபடி ஆரம்பித்தார்கள். ரெய்னோ நல்ல கையால் குலுக்க, சைமி பிடித்துக்கொண்டாள். இந்தத் துரு இளசு, சீக்கிரமே விட்டுக்கொடுத்தது. ஸ்பிரிட் கொஞ்சம்தான் மிச்சம் என்றதும் ரெய்னோ உள்ளே போய், நடுக்கோடைக்கென்று ஒளித்துவைத்திருந்த வோட்கா பாட்டிலை எடுத்துவந்து நீட்டினான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகங்களில் அது ஒன்று.

"பாதிக்கு மேல அதுல தண்ணிதான். டேங்குக்கு ஆகாது. உனக்குத்தான் ஆகும். கொண்டுபோய் வை."

இந்த முறை சூடு ஏற்றிய சவுனாவிலிருந்து ரெய்னோ வாளியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டுபோய், தன் அறையில் கட்டிலுக்கடியில் வைத்தான். டேங்க் உலர்ந்தது. பூச்சைக் கலந்து ஊற்றி, சமையலறை மேஜைமேல் பழைய செய்தித்தாள்களை விரித்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டேங்கை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மெல்ல உருட்டினார்கள். தலைகீழாக, பக்கவாட்டில், மறுபடி நேராக. உள்ளே பாகு நகரும் சத்தம்கூட இல்லை; கனம் இடம் மாறுவது மட்டும் உள்ளங்கையில் தெரிந்தது.

"குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி இருக்கு" என்றான் ரெய்னோ.

"அதுக்கெல்லாம் நமக்கு என்ன தெரியும்?"

"அதான் மாதிரின்னு சொன்னேன்."

மிஞ்சியதை வடித்து, பெட்ரோல் இறங்கும் துளை அடைபடாமல் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, இறுகுவதற்குச் சவுனாவிலேயே வைத்தாள். அந்த வாரம் முழுக்க யாரும் சவுனாப் பக்கம் போகவில்லை.

நடுக்கோடைக்கு முந்தின நாள் மத்தியானம் மழை விட்டு வெயில் வந்தது. சைமி விரல் நகத்தால் பூச்சைத் தட்டிப் பார்த்தாள். பீங்கான் மாதிரி ஒலித்தது. டேங்கை மாட்டி, மோட்டாரைப் படகில் பொருத்தி, எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றினாள். டேங்கின் இணைப்புகளில் வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்தாள். ஈரமில்லை. முதல் இழுப்புக்கு மோட்டார் இருமியது. அடுத்ததற்கும் இருமல். அப்புறம் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு, கரையிலிருந்த வாத்துகளையெல்லாம் விரட்டியபடி ஓட ஆரம்பித்தது.

ரெய்னோ வெள்ளைச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக வந்தான். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூக்களைப் படகுத்துறையில் வைத்துவிட்டு, படகின் முனையில் விழாவுக்கென்று சைமி கட்டியிருந்த பூர்ச்ச மரக் கிளையை நேராக்கினான்.

"நான் எப்படி இருக்கேன்?"

"ஓட்டுக் கேக்கப் போறவன் மாதிரி இருக்க. போ. மணியாகுது."

அவன் போனான். சைமி துறையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணைவிடக் காதைத்தான் அவள் நம்பினாள். மோட்டார் ஒரே சீராக ஓடுகிறதா, திணறுகிறதா? படகு சின்னதாகி, பாறைத் திட்டுக்குப் பின்னால் மறைந்தது. சத்தமும் நின்றது. சைமி எழுந்து நின்றாள். திட்டு மறைக்கிறதா, மோட்டார் நின்றுவிட்டதா? எங்கேனும் ஒரு மூலையில் துரு தங்கியிருந்ததா? பிறகு திட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மெலிதாக, அதே சீரான சத்தம் மறுபடி கேட்டது. அது போய்க்கொண்டே இருந்து, தாழ்ந்து, அடங்கியது. ஒரு நாய் குரைத்தது. கெர்த்துவின் நாய். போய்ச் சேர்ந்துவிட்டான்.

அப்போதுதான் காலடியில் ஷூக்களைப் பார்த்தாள்.

"முட்டாப் பயலே!" என்றாள் ஏரியைப் பார்த்து.

வீட்டுக்குள் போய்ப் புது உருளைக்கிழங்கைச் சோயிக்கீரையோடு அடுப்பில் ஏற்றினாள். பழக்கத்தில் இரண்டு பேருக்கான அளவு போட்டிருந்தாள். எடுக்க மனம் வரவில்லை. வெந்து இறக்கும் நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. தீவுப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் வந்தது. முன்னைவிடச் சற்றுக் கனத்த சத்தம்.

துறைக்கு இறங்கியபோது ரெய்னோ காது சிவக்க உட்கார்ந்திருந்தான். படகின் முன்பக்கத்தில் பூப்போட்ட சட்டையில் கெர்த்து.

"உன் தம்பி பூட்ஸோட ஆடலாம்னான். என் காலு என்னாகுறதுன்னு கேட்டேன்" என்றாள். "திருப்புடான்னு திருப்பிட்டு வந்தோம். வர்ற வழியில டேங்க் கதையும் கேட்டேன். நானா இருந்தா ஒரு கரண்டி இல்ல, ரெண்டு கரண்டி ஊத்தியிருப்பேன்."

சைமி ஷூக்களை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ ஏன் இன்னும் கிளம்பல?" என்றாள் கெர்த்து.

"நான் வரல. உருளைக்கிழங்கு இப்பத்தான் வெந்துச்சு."

"சட்டியோட எடுத்துட்டு வா. அங்க கருகின சாசேஜ் தவிர ஒண்ணும் கிடைக்காது."

"கையெல்லாம் ஒரே கறுப்பு. பூச்சு போகவே மாட்டேங்குது."

"போகாதுல்ல? நல்ல பூச்சுதான்." கெர்த்து நடுப்பலகையிலிருந்த தன் கம்பளிச் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பலகை காலியானது.

ரெய்னோ ஷூவை மாட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னான்: "வெண்ணெயும் எடுத்துக்கோ."

சைமி மேலே போனாள். சட்டியைத் துண்டில் சுற்றினாள். கண்ணாடியில் ஒரு தடவை தலையைப் பார்த்து, சீப்பை எடுத்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்து வாரிக்கொண்டாள். வெண்ணெய்க் கிண்ணத்தைச் சட்டியின்மேல் வைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது அவர்கள் இருவரும் கையை நீட்டினார்கள், ஒருவர் சட்டிக்கு, ஒருவர் அவளுக்கு. மூன்று பேர் கனத்தில் படகு தாழ்ந்து உட்கார்ந்தது. ரெய்னோ கயிற்றை இழுத்தான். மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.